24 மணிநேர அஞ்சலோட்டம்: பழைய மாணவிகள் நால்வரின் அனுபவம்

(கல்லூரியின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசுவதற்கு ஒருவரைத்தான் மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். ஆனால் நாங்கள் நால்வர். இந்த உரையை நால்வரும் சேர்ந்தே எழுதினோம். ஆகவே இதில் ‘நான்’ என்ற சொல் வராது. நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள் அல்லர். எங்களில் மூத்தவர் 1995இல் உயர்தர வகுப்பில் இருந்தவர். இளையவர் அப்போது பாலர் வகுப்பு. கல்லூரியில் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. இங்கிலாந்தில் சங்கக் கிளையின் ஒன்றுகூடல்களில்தான் பழக்கமானோம். ஒருவர் வைத்தியர், ஒருவர் வங்கியில் வேலை, இளையவர் ஆசிரியை. மூத்தவர் முதியோர் இல்லம் ஒன்றில் இரவு நேரப் பராமரிப்பாளர். அவரை நாங்கள் மூவரும் அக்கா என்றே அழைக்கிறோம். இங்கும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறோம்.

நாங்கள் பங்குபற்றியது 24 மணிநேர மலைச்சைக்கிள் போட்டி. இதைக் கேள்விப்படாதவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்பதால் முதலில் அதைப் பற்றிச் சொல்கிறோம்.

எங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அஞ்சலோட்டம் எல்லோருக்கும் தெரியும். நான்கு பேர், ஒரு கோல், ஆளுக்கு ஒரு பங்கு. அதையே மைதானத்தில் அல்லாமல் மலைக்காட்டில், கால்களால் அல்லாமல் சைக்கிளில், ஒரு நிமிடம் அல்லாமல் ஒரு முழு இரவும் பகலும் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் மட்டுமே ஒரு நேரத்தில் பாதையில் இருப்பார். ஒரு சுற்று முடித்து வந்ததும் அடுத்தவர் புறப்படுவார். 24 மணிநேரத்தில் எந்தக் குழு கூடிய சுற்றுகள் ஓடுகிறதோ அது வெற்றி பெறும்.

இந்த வகைப் போட்டி அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில், கேனான் என்ற இடத்தில் 1992இல் தொடங்கியது. லயர்ட் நைற் என்பவர் தொடங்கிவைத்தார். ஆரம்பத்தில் அது குழுக்களுக்கான போட்டிதான். 1996இல் ஜோன் ஸ்ராம்ஸ்ராட் என்ற ஓட்ட வீரர் தன் பெயரையே நான்கு விதமாக எழுதிக் கொடுத்து, நான்கு பேர் கொண்ட குழுவாகப் பதிவு செய்து, தனியாளாக முழுப் போட்டியையும் ஓடி முடித்தார். அதன் பிறகுதான் தனியாள் பிரிவு பரவியது. கேட்க வேடிக்கையாக இருக்கும். தனியாக ஓட விரும்பியவரும் ஒரு குழுவாக வேடம் போட்டுத்தான் உள்ளே வரவேண்டியிருந்தது.

குழுவாக ஓடும் இன்னொரு வகையும் உண்டு. தென்னாபிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் என்ற போட்டியில் இருவர் இருவராக எட்டு நாட்கள் ஓடுவார்கள். அங்கே ஒரு கடுமையான விதி இருக்கிறது. இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி வரக்கூடாது. வந்தால் தண்டனை. ஒருவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் மற்றவரை விட்டுவிட்டுப் போக முடியாது. டென்மார்க்கைச் சேர்ந்த அனிக்கா லாங்வாட் பெண்கள் பிரிவில் பல தடவை வென்றவர். வெவ்வேறு துணைகளோடு அதைச் செய்தார். வேகம் உள்ளவர்கள் பலர் இருப்பார்கள். யாரோடும் சேர்ந்து ஓடத் தெரிந்தவர்கள் சிலர்தான்.

நாங்கள் தெரிவு செய்தது ஸ்கொட்லாந்தின் வடமலைப் பகுதியில் நடக்கும் ஸ்ட்ராத்பஃபர் போட்டி. ஸ்ட்ராத்பெஃபர் என்ற சிற்றூரின் அருகே, ஜனவரி மாதத்தில், ஒரு காட்டுக்குள் நடக்கும். சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை 10 மணிக்கு முடியும். அந்த மாதத்தில் அங்கே பின்னேரம் 4 மணிக்கே இருட்டிவிடும். மறுநாள் காலை ஏறத்தாழ 9 மணிக்குத்தான் விடியும். 24 மணிநேரத்தில் ஏறக்குறைய 17 மணிநேரம் இருட்டு. ஒரு சுற்று 11 கிலோமீற்றர் அளவு. ஏற்றம், கற்பாறை, மரவேர், சேறு, இவற்றுக்கு மேலே பனிக்கட்டி. ரயர்களில் சிறு உலோக முட்கள் பதித்தவற்றைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள்.

“உங்களுக்கு என்ன விசரா?” என்று எங்கள் வீடுகளில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சைக்கிளும் இருட்டும் எங்களுக்குப் புதியவை அல்ல. 1990களின் முற்பகுதியில் இந்தக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிக்கு உயிர் கொடுத்துச் செய்தி கேட்ட பிள்ளைகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். விறகு, தண்ணீர், நோயாளி, அரிசி மூட்டை எல்லாம் ராலியிலும் ஹம்பரிலும் லுமாலாவிலும்தான் போயின. ரியூசனுக்குப் போகும் பெண்பிள்ளைகளின் சைக்கிள்கள் ஒழுங்கை நிறைய நின்ற காலம் அது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, அக்கா தன் அம்மம்மாவை சைக்கிள் கரியரில் இருத்தி, நாவற்குழிப் பக்கமாக உருட்டிக்கொண்டு போனார். அந்த நெரிசலில் ஏறி ஓட முடியாது. உருட்டத்தான் முடியும். மழை. ஓர் இரவு முழுவதும். அதை அவர் எங்களுக்கு அதிகம் சொன்னதில்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் நாங்கள் மூவரும் பெடலை மிதித்துத் திணறிக்கொண்டிருந்தபோது, அவர் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, மூச்சு வாங்காமல் எங்களுக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். “எங்க பழகினீங்கள் அக்கா?” என்று இளையவர் கேட்டபோதுதான் சொன்னார்.

பயிற்சி ஒரு வருடம். அதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வேலை, பிள்ளைகள், சமையல் இவற்றுக்கிடையே வாரத்தில் மூன்று நாட்கள் ஓடினோம். மாதத்தில் ஒரு தடவை இரவில் ஓடினோம். விழுந்து எழும்பினோம். மலைச்சைக்கிளில் விழாமல் பழகினவர் இல்லை.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நண்பர்களும் கிளை உறுப்பினர்களும் ஒரு வாக்குத் தந்தார்கள். நாங்கள் ஓடி முடிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சைக்கிள். தொலைவிலிருந்து நடந்தும் பஸ்ஸுக்குக் காத்திருந்தும் இந்தக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு அவை வழங்கப்படும். ஆகவே சுற்று என்பது எங்களுக்கு வெறும் எண்ணிக்கை அல்ல. ஒரு சுற்று குறைந்தால் இங்கே ஒரு பிள்ளை நடப்பாள். அந்த நினைவோடுதான், தைப்பொங்கல் முடிந்த அந்தச் சனிக்கிழமை, காட்டின் ஓரத்தில் கூடாரம் அடித்தோம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சைக்கிள் ஓடுவதுதான் போட்டி. உள்ளே இருப்பவர்களுக்கு அது கால்வாசிதான். ஒருவர் ஓடும்போது மூவர் ஓடவில்லை. அந்த மூவர் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் மிச்சம் முக்கால்வாசியும் இருக்கிறது.

சுற்று முடித்து வருபவர் நனைந்திருப்பார். ஓடும்வரை உடல் கொதிக்கும். நின்ற சில நிமிடங்களில் நடுக்கம் தொடங்கும். எனவே முதலில் ஈர உடுப்பைக் கழற்ற வேண்டும். விரல்கள் மரத்துப் போயிருப்பதால் அவரால் சப்பாத்து நூலை அவிழ்க்க முடியாது. மற்றவர் குனிந்து அவிழ்த்துவிட வேண்டும். அடுத்தது சாப்பாடு. நெடுநேரம் ஓடுபவருக்கு மணிக்கு 60 கிராம் அளவிலாவது மாப்பொருள் உள்ளே போக வேண்டும் என்று எங்கள் வைத்தியர் கணக்கு வைத்திருந்தார். கடையில் விற்கும் இனிப்புப் பசைகள் இரண்டாவது சுற்றிலேயே குமட்டத் தொடங்கின. பிறகு எங்களைக் காப்பாற்றியவை உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி, உளுத்தம்மா உருண்டை, எள்ளுருண்டை, பனங்கட்டியோடு இஞ்சி பிளேன்ரீ. பக்கத்துக் கூடாரத்து ஸ்கொட்லாந்துக்காரர்கள் எள்ளுருண்டை கேட்டு இரண்டு தடவை வந்தார்கள்.

சாப்பிட்டவர் படுக்க வேண்டும். அவருக்கு முன் ஓடியவர் எழும்பி, வந்த சைக்கிளைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டைகளைப் பார்க்க வேண்டும். சேறு மணல்தாள் போல அவற்றைத் தேய்த்துவிடும். விளக்குப் பற்றரிகளை மாற்ற வேண்டும். குளிரில் பற்றரி வழமையான நேரம் தாங்காது. ஆகவே மாற்றுப் பற்றரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துச் சூடாக வைத்திருப்போம். தண்ணீர்ப் போத்தலின் வாய் உறைந்துவிடும் என்பதால் வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்து வைப்போம். மூன்றாமவர் உடுத்தி, தலைக்கவசம் போட்டு, மாறும் இடத்தில் நிற்க வேண்டும்.

இந்த நிற்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். காட்டுக்குள் இருப்பவர் எங்கே என்று தெரியாது. நேரத்துக்கு முன் போய் நின்றால் குளிர் எலும்புக்குள் இறங்கி, ஓடத் தொடங்கும் முன்பே களைப்பு வந்துவிடும். பிந்திப் போனால் வந்தவர் வெறுமனே நிற்பார், நேரம் வீணாகும். வருபவர் எத்தனை நிமிடத்தில் வருவார் என்று சரியாக அறிந்திருப்பதே காத்திருப்பவருக்குப் பெரிய உதவி.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் கணக்கைக் கேளுங்கள்.

முதற் சுற்றை இளையவர் 1 மணி 5 நிமிடத்தில் முடித்தார். வைத்தியர் 1 மணி 15. வங்கிக்காரர் 1 மணி 20. அக்கா 1 மணி 40. பகல் வெளிச்சத்தில், உடல் புதிதாக இருக்கும்போது, அக்கா இளையவரை விட 35 நிமிடம் பின்னே. அதை எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். அக்காவுக்குத்தான் அது மனதில் தைத்தது. இரண்டாவது முறை ஓடி வந்தபோதும் பலகையில் எழுதியிருந்த நேரங்களைத்தான் முதலில் பார்த்தார்.

மூன்றாவது முறை அவர் வந்தபோது ஞாயிறு அதிகாலை 1 மணி 48 நிமிடம். வங்கிக்காரர் புறப்பட்டுப் போனார். சப்பாத்து நூலை அவிழ்க்கக் குனிந்த இளையவரிடம் அக்கா சொன்னார்: “பிள்ளையள், இனி என்னைக் கணக்கில எடுக்காதேங்கோ. நான் ஓடாட்டி உங்களுக்கு ஒரு ரவுண்ட், ரெண்டு ரவுண்ட் கூட வரும். ரெண்டு பிள்ளையளுக்குச் சைக்கிள். என்ர மரியாதைக்காக அதை விடேலாது.”

அவர் களைத்துச் சொல்லவில்லை. தன்னில் இரக்கப்பட்டும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னார். அதனால்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது. “அக்கா, நீங்கள் இல்லாமல் நாங்கள் இல்லை” என்று சொல்வது எளிது. அதில் அன்பு இருக்கும். ஆனால் அதற்காக இரண்டு பிள்ளைகள் நடக்கலாமா? இளையவர் ஒன்றும் பேசாமல் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் சைக்கிளைப் பார்க்கப் போனார்.

எங்கள் வைத்தியர் பலகையைக் கழற்றி மடியில் வைத்து, தலைவிளக்கு வெளிச்சத்தில் கணக்குப் போட்டார். பிறகு அக்காவுக்குக் காட்டினார். “அக்கா, வேகத்தைப் பாராதேங்கோ. வித்தியாசத்தைப் பாருங்கோ.” இளையவரின் நேரங்கள் 1 மணி 5, பிறகு 1 மணி 10, பிறகு 1 மணி 25. வைத்தியருடையவை 1 மணி 15, 1 மணி 25, 1 மணி 35. அக்காவுடையவை 1 மணி 40, 1 மணி 42, 1 மணி 41. நாங்கள் மூவரும் ஒவ்வொரு முறையும் தேய்ந்துகொண்டிருந்தோம். அக்கா தேயவில்லை. அவர் மெதுவானவர். ஆனால் மெதுவாகிக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த கணக்கு ஓய்வைப் பற்றியது. நால்வர் ஓடும்போது ஒருவருக்கு அடுத்த முறை வர நாலரை மணிநேரம் கிடைக்கிறது. உடுப்பு மாற்றி, சாப்பிட்டு, வேலை செய்தது போக, ஒன்றரை மணிநேரமாவது கண்ணை மூடலாம். மூவரானால் அது மூன்று மணிநேரமாகக் குறைந்துவிடும். நித்திரையே இல்லை. பனிக்கட்டியில், இருட்டில், நித்திரை இல்லாதவர் இறக்கத்தில் இறங்குவது எப்படிப்பட்டது என்பதை வைத்தியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இளையவர் தன் மூன்றாவது சுற்றில் பனியில் வழுக்கி விழுந்திருந்தார். அவர் 1 மணி 12க்குள் வருவார் என்று நினைத்து, வைத்தியர் 13 நிமிடம் குளிரில் நின்றார். அக்காவுக்காக நின்ற எவரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கவில்லை. அவர் வரும் நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருத்தலாம்.

“இரவு வேலை செய்யிற ஆளக்கா நீங்கள். மூன்று மணி உங்களுக்கு நடுப்பகல்” என்றார் வைத்தியர். அக்கா சிரித்தார். ஆனால் சம்மதிக்கவில்லை. “யோசிக்கிறன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தார்.

வங்கிக்காரர் 3 மணி 28க்கு வந்தார். அவருக்கு 1 மணி 40 எடுத்திருந்தது. இளையவர் போய் 5 மணி 8க்கு வந்தார். அவருக்கும் 1 மணி 40. முதற் சுற்றில் அக்காவை விட 35 நிமிடம் முந்தியவர், இப்போது அக்காவுடைய நேரத்திலேயே வந்து நின்றார். வைத்தியருக்கு 1 மணி 42. அவர் 6 மணி 50க்கு மாறும் இடத்துக்கு வந்தபோது, தலைக்கவசம் போட்டு, கையுறை மாட்டி, அக்கா நின்றுகொண்டிருந்தார். யாரும் எழுப்பவில்லை.

அவர் 8 மணி 30க்குத் திரும்பி வந்தார். 1 மணி 40 நிமிடம். ஏறக்கூடிய இடங்களில் ஏறி ஓடினார். செங்குத்தான இடங்களில் இறங்கி உருட்டினார். முதற் சுற்றில் செய்ததும் அதுதான். நாலாம் சுற்றில் செய்ததும் அதுதான். கடைசியாக வங்கிக்காரர் விடியும் வெளிச்சத்தில் 1 மணி 22 நிமிடத்தில் ஓடி, 9 மணி 52க்கு வந்து சேர்ந்தார்.

மொத்தம் 16 சுற்றுகள். ஆளுக்கு நான்கு. முன்னணிக் குழுக்களின் எண்ணிக்கைக்கு அது கிட்டவும் வராது. மூவர் மட்டும் ஓடியிருந்தால் 17 வந்திருக்குமா என்று எங்களுக்குள் இன்றும் வாதம் உண்டு. வைத்தியர் வராது என்கிறார். அக்கா வந்திருக்கும் என்கிறார். அந்த வாதத்தை இங்கே முடித்து வைக்க நாங்கள் வரவில்லை. பதினேழாவது சைக்கிளை நால்வரும் சேர்ந்து எங்கள் காசில் வாங்கினோம். அது அக்காவின் பிடிவாதம்.

சகோதரிகளே, ஒரு நூற்றாண்டு ஓடிய கல்லூரி இது. இதில் வேகமாக ஓடியவர்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். அவர்களின் படங்கள் மண்டபச் சுவரில் இருக்கின்றன. இருக்கவும் வேண்டும். ஆனால் இடம்பெயர்ந்த காலத்தில் மரத்தடியில் வகுப்பு நடத்தியவர்கள், வரவுப் பதிவேட்டைப் பையில் சுமந்து போனவர்கள், வெளிநாடுகளில் இரவு வேலை முடித்து வந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தவறாமல் அனுப்புபவர்கள், இவர்களின் நேரம் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. நீண்ட ஓட்டத்தில் குழுவைத் தாங்குவது அவர்கள்தான் என்பதை நாங்கள் ஸ்கொட்லாந்துக் காட்டில் எண்களாகவே கண்டோம். சங்கத்தில் “என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, என்னை விடுங்கோ” என்று ஒதுங்கும் சகோதரிகளுக்கு அந்தப் பலகையைக் காட்ட விரும்பினோம். அதற்காகவே எல்லா நேரங்களையும் இங்கே சொன்னோம்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். 17 சைக்கிள்களும் நேற்று மாணவிகளிடம் கையளிக்கப்பட்டன. கையளிப்பது ஒரு நாள் வேலை. ஓட வைத்திருப்பது பல வருட வேலை. ரயர் தேயும். ரியூப் ஒட்டுக் கேட்கும். பிரேக் கட்டை மாற்ற வேண்டும். நேற்றுப் பின்னேரம் அந்த மாணவிகளோடு உட்கார்ந்து, சில்லைக் கழற்றி ஒட்டுப் போடுவது எப்படி என்று பழக்கினோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எங்கள் எல்லோரையும் விட விரைவாகப் போட்டாள். அவளுடைய அப்பா திருத்தும் கடை வைத்திருக்கிறாராம். கல்லூரியில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையில் காற்றுப் பம்ப், ஒட்டுப் பெட்டி, சாவிகள், உதிரிப் பாகங்கள் வைக்க ஒரு சிறு அலுமாரி தேவை. அதை ஆண்டுதோறும் நிரப்ப ஒரு சிறு நிதியும் தேவை. பெரிய தொகை அல்ல. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் வேண்டும். இதைப் பொறுப்பெடுக்கக்கூடிய கிளைகள் இன்று மாலையே செயலாளரிடம் பெயரைக் கொடுத்தால், நாங்கள் அடுத்த வாரம் திரும்பிப் போகும் முன் அலுமாரியை வாங்கி வைத்துவிடலாம்.

இளையவர் அடுத்த குழுவுக்கு ஆள் சேர்க்கிறார். அக்கா ஏற்கனவே பெயர் கொடுத்துவிட்டார். இன்னும் இரண்டு இடம் இருக்கிறது.